நிலக்காரருக்கு ஒரு பின்னங்கால்

அந்தப் பெண்பன்றியைக் கொன்றவன் நான். அதற்காகச் சிறைக்குப் போனவர் அவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை ஒளித்து வைத்துச் சொன்னால் ஏதோ சாமர்த்தியம் போல ஆகிவிடும்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவே ஏதோ ஒரு நிறுத்தத்தில் அவருடைய பேரப்பிள்ளைகள் இன்றும் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். ஜெயிலுக்குப் போன தாத்தா அவர்களுக்கு எதற்கு? இன்னொன்றும் உண்டு. என்னைவிட அவருக்கு வயது கூட. அப்படியும் அந்த நாட்களில் நான் அவரை ‘வாய்யா, போய்யா’ என்றுதான் பேசினேன். இப்போது எழுத உட்கார்ந்தால் ‘அவர்’ என்று தானாக வருகிறது. வந்து என்ன பயன்?

தொண்ணூறுகளின் கடைசியில் நான் அங்கே ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் நிர்வாக அதிகாரியாக இருந்தேன். முதுகலை படித்தவன். தொழிலாளர் சட்டத்திலும் ஒரு பட்டயம் உண்டு. இயந்திரங்கள் என் பொறுப்பில் இல்லை. வேலி, காவல், தோட்டம், கேன்டீன், பஸ் எல்லாம் என் பொறுப்பு. சுற்றிலும் நிலம் எடுத்து, புதர் அழித்து, கம்பி வேலி போட்டுக்கொண்டிருந்த காலம் அது. புதருக்குள் இருந்தவை எங்கே போகும் என்று யாரும் கேட்கவில்லை. அவை எங்கள் கேன்டீன் குப்பைக்கும், மிச்சமிருந்த வேர்க்கடலைக் கொல்லைகளுக்கும் வந்தன.

ஒரு நாள் காலை வாசல் காவலாள் போன் செய்தார். “சார், ஒர்த்தர் வாழ எலைல கறி கட்டியாந்து நிலக்காரரப் பாக்கணும்னு குந்திகினு கீறாரு. போவச் சொன்னா போவ மாட்டேங்கிறாரு.”

போய்ப் பார்த்தேன். முட்டிக்கு மேல் மடித்துக் கட்டிய லுங்கி, காய்ந்த சேறு அப்பிய கால்கள், காதோரம் நரை. மடியில் ஒரு பொட்டலம். இலையின் மடிப்பில் ரத்தம் கசிந்திருந்தது.

“நீதான் நிலக்காரரா சார்?”

“எந்த நிலத்துக்கு?”

“உங்க வேலிக்குள்ள பின்னால பனமரம் ஒண்ணு கீதே, அதுக்கு. காலைல பன்னி வேலியப் பிச்சிகினு உள்ள பூந்து அங்கதான் வுழுந்துச்சி. எந்த நிலத்துல வுழுதோ அந்த நிலக்காரருக்குப் பின்னங்கால்.”

“அது கம்பெனி நிலம்யா.”

“சரி, கம்பெனின்னா யாரு? கால யார் கைல குடுக்கிறது?”

“முதலாளி வெளிநாட்டுல இருக்காரு.”

“எப்ப வருவாரு?”

“வருசத்துல ஒரு தடவ வந்தா பெருசு.”

அவர் யோசித்தார். “அதுவரைக்கும் தாங்காது சார், நாறிப்பூடும். நீ வாங்கிக்கோ. அவரு வந்தா ஒரு வார்த்த சொல்லிடு.”

காவலாளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நான் இரண்டு கையாலும் வாங்கும்வரை பொட்டலத்தை நீட்டியபடியே நின்றார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அன்று மாலை படப்பையில் என் வீட்டில் மிளகு தூக்கலாகப் போட்டு என் மனைவி குழம்பு வைத்தாள். நன்றாக இருந்தது. அந்த ருசியைப் பற்றிப் பொய் சொல்ல முடியாது.

சில நாள் கழித்து எங்கள் தோட்டக்காரர் பேச்சுவாக்கில் சொன்னார்: “அந்தப் பனமரத்து நிலம் அந்தாளுதுதான் சார். போன வருசம்தான் எடுத்தாங்க.” அடுத்த முறை அவரைப் பார்த்தபோது கேட்டேன். “ஏன்யா, உன் நிலம்தானே அது? கால நீயே வெச்சிக்கிட்டிருக்கலாமே?”

“என்னுதுதான். ஆனா வேலி போட்டது நீங்கதான சார்?” என்றார்.

அதில் கோபம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நிலத்துக்கு வந்த பணத்தைப் பற்றியோ, எடுத்தவர்களைப் பற்றியோ அவர் பேசிக் கேட்டதில்லை. கால் யாருக்குப் போக வேண்டும் என்பதில் மட்டும் தெளிவாக இருந்தார்.

அந்த மனிதரின் குணம் முழுவதும் அதில் அடங்கிவிடும். கூறு. பன்றி விழுந்தால் யார் யாருக்கு எது என்பதில் ஒரு மயிரிழை பிசகக் கூடாது. முதல் ஈட்டி வைத்தவருக்குத் தலை. விழுந்த நிலத்துக்காரருக்குப் பின்னங்கால். வலை கொண்டுவந்தவருக்குத் தனி, நாய் கொண்டுவந்தவருக்கு நாயின் பேரால் தனி. ஆண் இல்லாத வீடுகளுக்குக் கேட்காமலே ஒரு கூறு. மீதி, வந்தவர்களுக்கெல்லாம் சமம். பனையோலை கொளுத்தி மயிரை வாட்டி, சுரண்டிக் கழுவி, வெட்டி, வாழையிலைகளில் வரிசையாக வைப்பார்கள். அவர் முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொள்வார். ஒருவர் ஒரு குவியலைத் தொட்டு “இது யாருக்கு?” என்பார். அவர் பார்க்காமலே ஒரு பெயரைச் சொல்வார். நல்ல கறி தன் பக்கம் வந்தது, எலும்பு என் பக்கம் வந்தது என்று யாரும் அவரைக் கேட்க முடியாது.

இதையெல்லாம் படித்துவிட்டு அவரை நல்லவர் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். கூட இருப்பவர்களுக்கு அவர் பெரிய தொல்லை. ஒரு முறை விடியலில் வலை பிடித்த ஒருவர், ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று அப்படியே பஸ் ஏறிப் போய்விட்டார். அவர் திரும்பி வரும்வரை கத்தியைத் தொட மாட்டேன் என்று இவர் உட்கார்ந்துவிட்டார்.

“யோவ், ஈ மொய்க்குதுய்யா! அவன் கூற எடுத்து ஓரமா வெச்சிட்டாப் போவுது” என்று கத்தினார்கள்.

“அவன் எதிர்ல போடணும். இல்லன்னா அது கூறு இல்ல, பிச்ச.”

அன்று பார்த்து அந்த ஆளுக்கு ஓ.டி. போட்டு, கூடுதல் நேரம் நிறுத்திவிட்டார்கள். அவர் சாவகாசமாக வந்து இறங்கியபோது கறி வாடை எடுத்துவிட்டது. “அவன் ஓ.டி. பாத்தான், நாம நாறுனோம்” என்று அந்த ஊரில் வெகுநாள் சொல்லிச் சிரித்தார்கள். இவருடைய மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் கறியைத் தெருநாய்களுக்குப் போட்டுவிட்டு இவரை வாயில் வந்தபடி திட்டினார்.

இன்னொரு முறை ஈரல் துண்டு ஒன்றைத் துண்டுக்குள் சுருட்டியவரைப் பளாரென்று கன்னத்தில் அறைந்தார். அறை வாங்கியது அவருடைய மருமகன். அந்தப் பொங்கலுக்கு மகள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அடுத்த பொங்கலுக்கும் வரவில்லை. இவர் போய்க் கூப்பிடவும் இல்லை. “ஈரல் கேட்டிருந்தா என்னுதக் குடுத்திருப்பேன். திருடுனான்ல?” என்றார் என்னிடம். குரல் கொஞ்சமும் இறங்கவில்லை.

வாடகை அறைகளில் ஏழெட்டுப் பேராகத் தங்கியிருந்த தென்மாவட்டத்துப் பையன்களையும் அவர் விடவில்லை. சைக்கிளை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தவர்கள் கூட்டம் கலையும்போது நழுவப் பார்த்தார்கள். கைதட்டிக் கூப்பிட்டார்.

“ஏய், எங்க போறீங்கோ? எலைய எடு.”

“எங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி? நாங்க சும்மா வேடிக்கைல்லா பாத்துக்கிட்டு நின்னோம்.”

“பாத்தல்ல?”

“பாத்தோம்.”

“அப்ப நீயும்தான். நாளைக்கி எவனாவது கேட்டா, நான் பாக்கவே இல்லன்னு சொல்லுவியா? துன்னுட்டுப் போ.”

கருணையா, கண்ணியா என்று பிரிக்க முடியாத ஒரு காரியம் அது. வேட்டை குற்றம் என்று அவருக்குத் தெரியும். காட்டுப்பன்றியைத் தொட வனத்துறையின் அனுமதி வேண்டும் என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். பாவமும் குற்றமும் ஒரே ஆள் தலையில் விழக் கூடாது, தின்றவர்கள் எல்லார் மீதும் சமமாக விழ வேண்டும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கில் நானும் இருந்தேன்.

பன்றியின் வலியைப் பற்றி அவர் ஒரு நாளும் பேசியதில்லை. ஈட்டி பட்டு ஓடிய ஒரு கிடாப்பன்றி ஏரிக்கரைப் புதரில் செத்து நாறிக் கிடந்தபோது, “இத்தினி பேர் கூறும் மண்ணாப் போச்சே” என்றுதான் சலித்துக்கொண்டார். அது எத்தனை நேரம் துடித்திருக்கும் என்று நான்தான் பேசினேன். வலியைப் பற்றி நான் அழகாகப் பேசுவேன். கேன்டீனில் என் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். புதரை நாம் அழித்தோம், அவை கொல்லைக்கு வந்தன, வந்ததற்காக அவற்றையே கொல்கிறோம், இதில் நியாயம் எங்கே என்பேன். அவரிடமும் ஒரு முறை சொன்னேன். மிச்சமிருந்த நிலத்தில் அவர் போட்டிருந்த வேர்க்கடலையைப் பன்றிகள் முழுசாகக் கிண்டிப் போட்டிருந்த சமயம்.

“வா சார், வந்து என் கொல்லையப் பாத்துட்டு நாயம் பேசு” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கலப்பை ஓட்டியதுபோல் நிலம் புரண்டு கிடந்தது. செடிகள் வேர் மேலாகக் கிடந்தன. அதற்குப் பிறகு கேன்டீனில் அந்தப் பேச்சைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில் சுற்று ஊர்களில் வேறு வழிகள் வந்துவிட்டன. சிலர் பழத்துக்குள் வெடி மருந்து வைத்தார்கள். ஒரு பசுமாடு அதைக் கடித்துத் தாடை சிதறி நின்றதை அவரே பார்த்திருந்தார். சிலர் பம்புசெட்டிலிருந்து கம்பி இழுத்துக் கொல்லையைச் சுற்றிக் கட்டினார்கள். ஆள் வேண்டாம், நாய் வேண்டாம், விடியலில் எழுந்து ஓட வேண்டாம். காலையில் போய் எடுத்து வந்தால் போதும். இவர் ஒப்பவே இல்லை.

“வலைல வுழுந்தா எவனாவது ஒர்த்தன் எதிர்ல போய் நிக்கணும் சார். அது அவனக் கிழிச்சாலும் கிழிக்கும். அவன்தான் கொன்னான்னு ஊருக்கே தெரியும். கம்பில செத்தா? தலய யாருக்குக் குடுப்ப? கரண்ட் ஆபீசுக்கா?”

“கரண்டுக்கு எதுக்குய்யா தல? கம்பி கட்டினவனுக்குக் குடு.”

“கட்டினவன் வூட்ல தூங்கினு இருந்தான் சார். நான் கொல்லலியே, தூங்கினுதான இருந்தேன்னுவான்.”

அப்போதும் சிரித்தேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு எங்கள் வளாகத்துக்குள்ளேயே பன்றிகள் குடிவந்துவிட்டன. பின்புற வேலியோரம் விட்டுவைத்த முட்புதரில் படுத்துக்கொண்டு, குப்பையைத் தின்று, புதிதாகப் போட்ட புல்தரையைக் கிளறின. பைக்கில் வந்த ஒரு தொழிலாளியை ஒன்று மோதித் தள்ளியது. அவருக்குக் கை முறிந்தது. நான் ரகசியமாக இவரைத்தான் கூப்பிட்டேன். படித்தவனுக்குச் சட்டம் தெரிவதன் ஒரு பயன், அதை எப்படித் தாண்டுவது என்பதும் தெரிவது. விடுமுறை நாளின் விடியலில் ஆட்களோடு வருவார், வலை கட்டுவார், காரியம் முடியும். காவலாள் பார்க்காததுபோல் இருப்பார். பின்னங்கால் என் வீட்டுக்கு வரும். இப்படிச் சில ஆண்டுகள் போயின. இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் நம்பினோம் என்றே நினைத்தேன். நம்பியவர் அவர் மட்டும்தான்.

பிறகு அந்தத் தை மாதம் வந்தது. எங்கள் பொருளை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஆட்கள் வரப் போகிறார்கள் என்று ஆலை முழுக்க வெள்ளையடித்தோம். பொது மேலாளர் என்னைக் கூப்பிட்டு, “அவங்க இருக்கிறப்ப ஒரு பன்னிகூட என் கண்ணுல படக் கூடாது. எப்படின்னு எனக்குச் சொல்ல வேணாம்” என்றார்.

நான் இவரிடம் போனேன்.

“இப்ப முடியாது சார். குட்டி போட்டுகினு கீது. குட்டிங்க பின்னாலியே சுத்துது, நான் பாத்தேன். மாசி போவட்டும்.”

“மாசிவரைக்கும் தாங்காதுய்யா. உனக்கு எதுக்கு அந்த இரக்கம்லாம்?”

“இரக்கம் இல்ல சார். தாயக் கொன்னா குட்டிங்க வழி தெரியாம வூட்டுக்குள்ள வரும்.”

முந்தைய வருடம் இதே கேள்விக்குப் பால் கொடுக்கிற பன்றியின் கறி நாறும் என்று சொல்லியிருந்தார். அதற்கு முந்தைய வருடம் வேறு ஏதோ. ஒவ்வொரு முறையும் ஒரு காரணம். உண்மையான காரணத்தை யாரிடமும் சொல்வதில்லை என்று நினைக்கிறேன். நானும் தோண்டிக் கேட்கவில்லை. எனக்கு அவசரம். எங்கள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, கேன்டீன் குப்பையை ஒட்டி, தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் ஒரு கம்பி இழுக்கச் சொன்னேன். மாலையில் கரண்ட் கொடுத்து, காலை ஷிஃப்ட் வருவதற்கு முன் நிறுத்திவிட வேண்டும். “ஆள் யாராவது போனா?” என்று அவர் கேட்டார். “அந்தப் பக்கம் யார் போவா?” என்றேன். யாரும் போகவில்லை என்பது என் அதிர்ஷ்டம்.

நான் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன்.

காலையில் அந்தப் பெண்பன்றி கம்பியில் மூக்கு ஒட்டிக் கிடந்தது. மூக்கும் மேலுதடும் கருகியிருந்தன. வரிவரியாகக் கோடு போட்ட குட்டிகள் அதன் வயிற்றில் முட்டிக்கொண்டிருந்தன. தோட்டக்காரர் துடைப்பத்தால் விரட்டினார். ஓடிப் போய் மறுபடியும் வந்தன. அவற்றில் ஒன்று அன்றைக்கே கம்பெனி பஸ்ஸில் அடிபட்டது. மற்றவை பின்னர் கேன்டீன் வாசலுக்கே வந்து நின்றன. அவர் சொன்ன மாதிரியேதான்.

பன்றியைக் கம்பியிலிருந்து தள்ளி இழுத்துப் போடச் சொன்னேன். பிணத்தை எடுக்க ஆள் வேண்டுமே. வெட்கமில்லாமல் அவருக்கே சொல்லியனுப்பினேன். இரண்டு பேரோடு வந்தார். குனிந்து மூக்கைப் பார்த்தார்.

“யாரு சார்?”

“தெரியல. தானா செத்துக் கெடந்தது.”

“தானா சாவற பன்னி பொதருக்குள்ள போய் சாவும் சார். இப்படி நடுவால வந்து காட்டினு சாவாது.” குப்பையை ஒட்டி நடந்தார். கம்பியைப் பார்த்தார். அதில் ஒட்டியிருந்த மயிரை விரலால் எடுத்து, பக்கத்தில் நின்ற எலக்ட்ரீஷியனைப் பார்த்தார். அவர் பதறிப்போய், “நான் இன்னா பண்றது? சார் சொன்னாரு, கட்டினேன்” என்றார்.

இவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார், ஒரு தகவலைக் காதில் வாங்கிக்கொண்டதுபோல. பன்றியைக் கழியில் கட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். போகட்டும், கறியை வீணாக்காமல் ஊரே தின்னும், விஷயம் முடிந்தது என்று என் அறைக்குப் போனேன்.

முதல் ஷிஃப்ட் முடியும் நேரம் காவலாள் போன் செய்து கூப்பிட, வாசலுக்குப் போனேன். வாசலில் பஸ்கள் வரிசையாக நிற்கின்றன. உள்ளே போகிறவர்கள், வெளியே வருகிறவர்கள் எல்லாரும் நின்றுவிட்டார்கள். வாழையிலையின் மேல் கருகிய மூக்கோடு பன்றித் தலை. பின்னால் அவர், சட்டை போட்டு, தலை வாரி, கல்யாண வீட்டுக்கு வந்தவர்போல நின்றிருந்தார்.

“தல உன்னுது சார்” என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி. “கொன்னவருக்குத்தான் தல.”

“யோவ், எடுத்துட்டுப் போய்யா முதல்ல!”

“எப்படி சார் எடுத்துனு போறது? மத்தவங்களுக்குல்லாம் போட்டாச்சி. காலும் தலையும்தான் மிச்சம். கால் உங்க கம்பெனிக்கி, தல உனக்கு. ரெண்டையும் நீதான் வாங்கணும்.”

கூட்டத்தில் யாரோ, “வாங்கிக்கோ சார், மிளகு போட்டா நல்லாருக்கும்!” என்றான். சிரிப்பு பஸ்வரை போனது. அந்த நேரம் பார்த்துப் பொது மேலாளரின் கார் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது. “என்ன இது?” என்றார்.

அந்த ஒரு நொடியில் என்னால் உண்மையைச் சொல்லியிருக்க முடியும். ‘இதை நான்தான் செய்தேன், நீங்கள்தான் செய்யச் சொன்னீர்கள்’ என்று. சொல்லியிருந்தால் வேலை போயிருக்கலாம். அவ்வளவுதான்.

“யாரோ வேட்டைக்காரன் சார். நான் பாத்துக்கிறேன்” என்றேன்.

“ஃபாரஸ்டுக்குச் சொல்லிடுங்க. நம்ம பேரு கெடக் கூடாது.” கண்ணாடி ஏறியது.

காவலாளைத் தனியாகக் கூப்பிட்டு, “அவருக்கு ஒரு டீ வாங்கிக் குடு. நான் வர்றவரைக்கும் உக்கார வை” என்றேன். அவரிடம், “இரு, கை கழுவிட்டு வந்து வாங்கிக்கிறேன்” என்றேன். அறைக்குப் போய் முதலில் எலக்ட்ரீஷியனுக்குப் போன் செய்து கம்பியைச் சுருட்டி ஸ்டோரில் போடச் சொன்னேன். பிறகு வனத்துறைக்குப் போன் செய்தேன். ஜன்னல் வழியாக வாசல் தெரிந்தது. காவலாளின் பெஞ்சில் உட்கார்ந்து அவர் டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். இலையை வெயில் படாமல் நிழலுக்கு நகர்த்தி வைத்தார். கூறு கொடுக்காமல் யாரையும் விட்டுப் போகும் பழக்கம் அவருக்கு இல்லை. அவர் போகமாட்டார் என்று எனக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் போன் செய்தேன்.

ஜீப் வந்தபோது அவர் ஓடவில்லை. என் ஜன்னலை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார்.

புகார் கொடுத்தவன் என்ற முறையில் என்னையும் வனச்சரக அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். அவர் வீட்டிலிருந்து எடுத்துவந்த வலைகளும் ஈட்டிகளும் மூலையில் குவிந்து கிடந்தன. அவர் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். நான் நாற்காலியில் இருந்தேன். அவர் வாயைத் திறந்தால் என் கதை முடிந்தது.

“கூட யார் யார்டா?” என்றார் அதிகாரி.

“யாரும் இல்ல சார். நான் ஒர்த்தன்தான்.”

“எப்படிக் கொன்ன?”

மூலையில் கிடந்த வலையை அவர் ஒரு கணம் பார்த்தார். “கம்பி வெச்சி” என்றார்.

“கறியெல்லாம் எங்க?”

“துன்னுட்டேன்.”

“முழுப் பன்னியையும் நீயேவா?”

“ஆமா சார். பசி.”

அறையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். காவலர் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். நான் சிரிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன். அவர் எத்தனை பெயர்களை விழுங்கினார் என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். கழி தூக்கியவர்கள், இலை வாங்கிய வீடுகள், ஒரு வழக்கு வந்தால் மறுநாளே வேலையை விட்டு நீக்கப்படும் அந்தத் தென்மாவட்டத்துப் பையன்கள். சமமாகப் பிரித்துக்கொள்ளத்தான் ஒவ்வொருவர் கையிலும் திணித்தார். பிரிக்க வேண்டிய நேரம் வந்ததும் ஒருவரையும் கூப்பிடவில்லை.

“சரி, தலைய எதுக்கு கம்பெனி வாசலுக்கு எடுத்துட்டுப் போன?”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன்.

“ஆளு மாறிப்போச்சி சார். வேற யாருக்கோ எடுத்துனு வந்தேன். இவரு யாருன்னே எனக்குத் தெரியாது.”

அவர்கள் எழுதிக்கொடுத்த தாளில் கையெழுத்துப் போட்டேன். காரில் திரும்பும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. இந்த வாக்கியத்தை எழுதுவதற்கு எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. நிம்மதியாகத்தான் இருந்தது. தப்பித்தேன் என்று நினைத்தேன். அவர் என்னைக் காப்பாற்றினார் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

கிளைச் சிறையில் சில வாரம் இருந்து ஜாமீனில் வந்தார். வழக்குக்காக நடந்து, கடைசியில் அபராதம் கட்ட மிச்சமிருந்த கொல்லையையும் ஒரு வீட்டுமனை வியாபாரியிடம் விட்டார். வலைகள் திரும்பி வரவில்லை. அந்த ஊரிலும் கம்பி வைக்கத் தொடங்கினார்கள். ஒருவருக்கும் யாரும் கூறு போடவில்லை. எவன் கொல்லையில் விழுந்ததோ அவன் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் விற்றான். எங்கள் ஆலைக்கு வந்த வெளிநாட்டுக்காரர்கள் புல்தரையைப் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன், படப்பையில் ஒரு ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தேன். அவர் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். இளைத்திருந்தார். ஏதோ ஒரு கம்பெனியின் தோட்ட வேலைச் சட்டை போட்டிருந்தார். என் தொடையும் அவர் தொடையும் இடித்துக்கொண்டிருந்தன. பேசாமல் இறங்கிவிடலாம் என்று முதலில் தோன்றியது.

“என்னைத் தெரியுதுங்களா?” என்றேன். முதன்முறையாக ‘ங்க’ போட்டேன்.

திரும்பி என் முகத்தை நிதானமாகப் பார்த்தார். அந்தப் பார்வையில் வெறுப்பு இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

“தெரியலியே சார். எந்த ஊரு?”

கம்பெனிப் பெயரைச் சொன்னேன்.

“அங்க எனக்கு யாரையும் தெரியாது சார்” என்றார். அன்று வனச்சரக அலுவலகத்தில் சொன்ன அதே பதில்; உண்மையிலேயே யோசித்துப் பார்த்துச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

அடுத்த நிறுத்தத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். ஆட்டோவில் இடம் இல்லை. அவர் என் முழங்காலில் லேசாகத் தட்டினார்.

“கொஞ்சம் தள்ளி குந்துங்க சார். அவங்களும் ஏறட்டும்.”

தள்ளி உட்கார்ந்தேன்.